மாடிப்படி பெஞ்சு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். மூர்த்திக்குப் பேத்தி பிறந்த செய்தியை அவனே உனக்கு மூச்சு விடாமல் சொல்லியிருப்பான்.

நான் எழுதும் விஷயம் வேறு. எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெஞ்சையும் தபால் பெட்டிகளையும் எடுத்துவிட்டு, அங்கே கார் நிறுத்தப் போகிறார்களாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அந்த இடத்தில் பழக்கமானவர்கள்தான்.

வராந்தா, முற்றமெல்லாம் வீண் இடம் என்று என்னோடு சண்டை போட்டவன் நீ. கேள். 1940களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு மாணவர் குடியிருப்பை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் கீழே ஐந்து வீடு, மேலே ஐந்து வீடு. பக்கத்து வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்களாகச் சொல்லப்பட்டார்கள். அதே தளத்தின் இரு முனைகளில் இருந்த வீடுகளுக்கு இடையே வெறும் 10 சதவீதம். படிக்கட்டின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் மாடியிலும் நிறைய நண்பர்கள். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்!

கார் விஷயத்துக்கும் கணக்கு உண்டு. 1969-இல் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். வண்டி குறைவான தெருவில் ஒருவருக்குத் தன் தெருவிலேயே சராசரியாக 3 நண்பர்கள். நெரிசலான தெருவில் 0.9.

அதற்காக எல்லோரையும் ஒரே இடத்தில் தள்ளிவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூயிட்-ஐகோ என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது குடும்பங்களுக்குப் பொதுவான நடைபாதைகள் நாசமாகிக் கிடந்தன. அங்கேயே இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட படிக்கட்டு முகப்புகள் சுத்தமாக இருந்ததை ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் கவனித்தார். அந்தக் குடியிருப்பின் 33 கட்டடங்களையும் 1972-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இடம் சின்னதாக, நம்முடையது என்று தோன்றுகிற மாதிரி இருக்க வேண்டும். பேச விருப்பமில்லாதவன் ஒரு தலையசைப்போடு தாண்டிப் போகவும் வழி வேண்டும். எங்கள் பெஞ்சு அப்படிப்பட்ட இடம்தான், செல்வம். மூன்றாவது மாடிப் பாட்டி நாள் முழுக்கத் தனியாக இருக்கிறார். அவர் கீழே வந்து உட்கார வேறு எங்கே இடம்?

சரி, இப்போது உன் வேலை. கட்டடத்தின் அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கச் சுவரை ஒட்டிக் கார்கள் நிற்கிற மாதிரி ஒரு வரைபடம் போட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வெறும் பேச்சை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். வரைபடம் கையில் இருந்தால் நின்று பார்ப்பார்கள்.

அன்புடன்,
ராஜு