பாவித்த இரட்டைக்குழல் துவக்குக்கு விலை பேசுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புத்தளம் மாவட்டத்தில் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனர், காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துவக்கு வாங்க அனுமதி பெற்றிருந்தார். கொழும்பில் காலமான ஒருவரின் குடும்பத்தார் அவருடைய 12 போர் (bore என்னும் குழல் அளவு) இத்தாலிய இரட்டைக்குழல் துவக்கை முறைப்படி விற்க முன்வந்தபோது, அதைப் பார்த்து மதிப்புச் சொல்லுமாறு என்னையும் அழைத்துச் சென்றார். அன்று கண்டவற்றை, இத்தகைய துவக்குகளை வாங்கும் நிலையிலுள்ள ஏனையோரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகின்றேன்.

துவக்கின் சுடும் பொறியின் இரு பக்கங்களிலும் உள்ளான் பறவைகள் செதுக்கப்பட்டிருந்தன; வாதுமைக் கட்டை எண்ணெய் பூசி மினுக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலேயத் தோட்டத்துரை ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது என்றார்கள். கேட்ட விலையில் பெரும்பகுதி அந்தக் கதைக்கும் பறவைகளுக்கும் உரியது என்றே எனக்குப் பட்டது. தோட்டா அறைகள் இரண்டும் வெறுமையாக உள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொண்டு, குழல்களைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். சற்றுத் தயங்கினாலும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நாங்கள் தேநீரோடு எழுந்து வந்திருப்போம்.

இத்தாலியத் துவக்கின் வரலாறு குழல்களின் அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பிரேசியா மாகாணத்தின் கார்தோனே வால் துரொம்பியா என்ற ஊர் நூற்றாண்டுகளாகத் துவக்குக் குழல் செய்யும் ஊர். பெரெட்டா குடும்பம் 1526 இல் வெனிஸ் ஆயுதசாலைக்கு 185 குழல்களை விற்றதற்கான பற்றுச்சீட்டு இன்றும் இருக்கின்றது. அங்குள்ள தேசியச் சோதனைச் சாலையில் வழக்கத்தைவிட வலுவான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை குத்துவார்கள். முத்திரைகளோடு ஆண்டுக் குறியும் இருக்கும். 1954 முதல் 1974 வரை ரோம எண்களில் பத்திலிருந்து முப்பது வரையும், 1975 முதல் இரண்டிரண்டு எழுத்துகளாகவும் அந்தக் குறி அமைந்திருக்கும். நாங்கள் பார்த்த குழல்களில் இருந்தது ரோம எண் இருபத்திரண்டு, அதாவது 1966. போர் முடிந்து இருபத்தோராண்டுகளுக்குப் பின்னர் பிறந்த துவக்கைப் போருக்கு முன்னரே அந்தத் துரை எப்படிக் கொண்டுவந்தாரோ தெரியவில்லை. குடும்பத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டதைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

வயது குறைந்ததில் வாங்குபவருக்கு நட்டமில்லை. புகையற்ற வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டதற்கான பி.எஸ்.எப். முத்திரையும், தோட்டா அறையின் நீளம் 70 மில்லிமீற்றர் என்ற குறியும் தெளிவாக இருந்தன. இந்த நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. பழைய துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர்தான். தோட்டாவின் நீளம் சுட்டபின் விரிந்த நிலையில் கணக்கிடப்படுவதால், சுடாத 70 மில்லிமீற்றர்த் தோட்டா அந்தக் குட்டை அறைக்குள்ளும் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போதோ அதன் மடிந்த வாய் விரிவதற்கு இடமின்றிக் குழல் குறுகும் பகுதிக்குள் நெருங்கி, அழுத்தத்தை உயர்த்திவிடும். ஆகவே தோட்டா உள்ளே போகின்றது என்பதைப் பொருத்தமானது என்பதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

எங்கள் துவக்கின் குறை வேறோரிடத்தில் இருந்தது. இத்தாலியர் குழல்களின் எடையையும் உள்விட்டத்தையும் கூடப் பொறித்துவிடுவார்கள். இதில் எடை 1 கிலோ 420 கிராம் என்றும் உள்விட்டம் 18.4 மில்லிமீற்றர் என்றும் இருந்தன. அந்த வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தபோது 1 கிலோ 360 கிராமே காட்டியது. அறுபது கிராம் இரும்பு தானாகக் கரைவதில்லை. இடது குழலில் ஒற்றை நட்சத்திரக் குறி, அதாவது சன்னங்கள் சிதறாமல் செல்லக் குழல்வாயைக் குறுக்கும் முழுச் சுருக்கம். அப்படியானால் குழல்வாய் உள்விட்டத்தைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் குறுகியிருக்க வேண்டும். வேர்னியர் அளவியை வைத்தபோது வாயிலும் அதே 18.4 தான் இருந்தது. நுனியில் இரு குழல்களுக்கும் இடையே ஈயத்தால் அடைக்கப்பட்ட இடைவெளியும் தெரிந்தது. யாரோ நுனியில் சுமார் ஐந்து சென்ரிமீற்றரை அறுத்து எடுத்து, அரம் போட்டுக் கறுப்பு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். சன்னங்கள் விரைவில் சிதறிவிடும் அத்துவக்கால் தூரத்தில் நிற்கும் பன்றியைக் காயப்படுத்தலாமே தவிர வீழ்த்த முடியாது.

மற்றச் சோதனைகளில் அது தேறியது. சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவதுபோல, குழல்களை விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் மணியோசை வரவேண்டும். மந்தமான ஓசை வந்தால் இரு குழல்களையும் இணைக்கும் பற்றாசு விட்டிருக்கின்றது என்று பொருள். குழல்களின் கீழே கை பிடிக்கும் முன்கட்டையின் வில், கீலின் ஆட்டத்தை மறைத்துவிடும் என்பதால், அதை நீக்கிவிட்டுத் துவக்கை மூடி அசைத்துப் பார்க்க வேண்டும். குழலையும் பொறியையும் முன்கட்டையையும் தொடர் இலக்கங்கள் ஒன்றாக இணைக்கின்றனவா என்பதும் முக்கியம்.

நான் தோட்டத்தில் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கச் சென்றபோதெல்லாம் இலக்கத்தை மட்டுமே ஒப்பிட்டார்கள். குழலுக்குள் எவரும் எட்டிப் பார்த்ததாக நினைவில்லை. பிரித்தானியாவில் 1868 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சோதனைத் தகுதியிழந்த துவக்கை விற்பதே குற்றமாகும். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தை ஆங்கிலேயரிடமிருந்து பெற்ற நாம், துவக்கொன்று கைமாறும்போதாவது ஆயுதப் பழுதுபார்ப்பில் தேர்ந்த ஒருவரின் சான்றிதழைக் கட்டாயமாக்குவதில் பெருஞ்செலவு எதுவுமில்லை. பாதுகாப்பு அமைச்சும் மாவட்டச் செயலகங்களும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

மைத்துனர் அத்துவக்கை வாங்கவில்லை. எடையைப் பற்றி அடுத்து வருபவரிடம் மறைக்காமல் சொல்வதாக அந்த வீட்டார் உறுதியளித்தார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட முகாமையாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.