நிறுத்தத் தெரிந்த கேட்

அன்புள்ள மகளுக்கு,

புதிய தயாரிப்புகளுக்கான ப்ராஜெக்டுகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம்மா. பெரிய கம்பெனிகளில் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கத்தான் ஆள் கிடைக்காது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்களிடமும் ஸ்டேஜ்-கேட் முறைதான் இருக்கும். 1980-களில் மேலாண்மைப் பேராசிரியர் ராபர்ட் கூப்பர் வகுத்தது. முதல் அலசல், வணிகத் திட்டம், உருவாக்கம், சோதனை, அறிமுகம் என்று ஐந்து கட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கேட், அதாவது மேலே போகலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். அங்கே நாலே முடிவுதான்: போகலாம், நிறுத்து, தள்ளிவை, திருத்திக் கொண்டு வா. கடந்த ஒரு வருஷத்துக் கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார். எல்லாமே ‘போகலாம்’ என்றிருந்தால் உங்கள் கேட் பூட்டில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

நிபந்தனைகளை முந்தின கேட்டிலேயே எழுதி வாங்கிவிடு. ‘பத்து வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அடக்கவிலை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும்’ என்று அளக்கக்கூடியதாக இருக்கட்டும். கூட்டத்தன்று உட்கார்ந்து அளவுகோல் பேச ஆரம்பித்தால், பதவியில் பெரியவர் சொல்வதுதான் நடக்கும். அறிக்கை மூன்று பக்கம் போதும். ஐம்பது ஸ்லைடு ஓடினால் கேள்விக்கு நேரம் மிஞ்சாது. பணமும் ஆளும் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்கள்தான் மேஜையில் இருக்க வேண்டும். ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டு, யார் யார் வேலை செய்வார்கள் என்று பெயர் எழுதாமல் எழுந்தால் அந்த முடிவு செல்லாது. அதை அங்கேயே சொல்லிவிடு. இதில் தயவு தாட்சண்யம் பார்த்தால், ஒரே இன்ஜினியர் ஐந்து ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டு ஐந்தும் தாமதமாகும்.

இன்னொரு தப்பு, முதல் கட்டத்திலேயே ஐந்து வருஷ லாபக் கணக்கு கேட்பது. அப்போது அது யாருக்கும் தெரியாது. கேட்டால் எக்செல்லில் கற்பனைதான் வரும். பழைய தயாரிப்பை மெருகேற்றும் ப்ராஜெக்டுக்குக் கணக்கு கைவசம் இருப்பதால் அதுவே எப்போதும் ஜெயிக்கும். 1975-ல் ஃபிலிம் கம்பெனியான கோடாக்கில் ஸ்டீவ் சாசன் செய்த டிஜிட்டல் கேமரா கிட்டத்தட்ட 3.6 கிலோ எடை. கறுப்பு வெள்ளையில் 0.01 மெகாபிக்சல் படம். அதைக் கேசட்டில் பதியவே 23 நொடி. ஃபிலிம் கொட்டிக்கொடுத்த வருமானத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தால் எந்தக் கணக்கிலும் தேறாது. அதே கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதனால் முற்றிலும் புதியவற்றுக்குத் தனி பட்ஜெட் வை. சின்னத் தொகை, ஆறு வாரம், ஒரே கேள்வி: எந்த அனுமானம் பொய்த்தால் முழுத் திட்டமும் சரியும்? அதை முதலில் சோதிக்கச் சொல்.

நிறுத்துவது வேறு, தூக்கி எறிவது வேறு. 3எம் கம்பெனியில் 1968-ல் ஸ்பென்சர் சில்வர் கண்டுபிடித்த பசை லேசாக ஒட்டும், சுலபமாகப் பிரியும். என்ன உபயோகம் என்று தெரியவில்லை. 1974-ல் ஆர்ட் ஃப்ரை, பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டு விழாமல் நிற்க அது உதவும் என்று கண்டார். அமெரிக்கா முழுவதும் போஸ்ட்-இட் ஒட்டுச் சீட்டு விற்பனைக்கு வந்தது 1980-ல். நிறுத்தும் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதி வை: ஏன் நிறுத்தினோம், எது மாறினால் திரும்ப எடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஃபைலைப் புரட்டு.

நிறுத்திய ப்ராஜெக்டின் தலைவருக்கு அடுத்த வேலை என்ன என்பதை அதே கூட்டத்தில் அறிவித்துவிடு. அவர் ஓரங்கட்டப்பட்டால், அதைப் பார்த்த மற்றவர்கள் கெட்ட செய்தியை உன்னிடம் கொண்டுவர மாட்டார்கள். சோதனையில் தோற்றதை மறைத்து, அறிமுகம் வரை இழுத்துக்கொண்டு போவார்கள். செலவு முழுக்க அங்கேதான் ஏறும்.

மூன்று பக்க அறிக்கைக்கு மாதிரிப் படிவம் தயாரானதும் எனக்கு அனுப்பு. நிபந்தனைப் பகுதியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா