பல்லைக் கடித்த கவலை

ஆசிரியருக்கு,

கழுத்து வலிக்குக் கைபேசியையும் தலையணையையும் மட்டுமே குற்றவாளியாக்கியிருந்தது உங்கள் மருத்துவப் பக்கம். மனக்கவலை பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் அலுவலகத்தில் தணிக்கை நடந்த மாதம், காலையில் எழுந்தால் தாடை விண்விண்ணென்று தெறிக்கும். சொத்தைப் பல்லாக்கும் என்று போனேன். மருத்துவர் கண்ணாடியில் காட்டினார்: கடைவாய்ப் பற்களின் மேடு தேய்ந்து வழவழவென்று இருந்தது. "தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்களா?" என்றார். எனக்கெப்படித் தெரியும்? என் மனைவிக்குத் தெரிந்திருந்தது!

பயம் வந்தால் ஓடவோ மோதவோ தசைகள் முறுக்கேறுவது இயற்கை. கணக்குப் பேரேட்டைப் பார்த்து ஓட முடியுமா? முறுக்கு தோளிலும் தாடையிலும் தங்கிவிடுகிறது. பதற்ற நோயைக் கண்டறிய மனநல மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில் தசை இறுக்கமும் ஒன்று. எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொள்ளும் என் சுபாவத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் 'டென்ஷன் பார்ட்டி' என்று பட்டம் கட்டினால் தாடை தளர்ந்துவிடாது.

சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களிலேயே இதற்கொரு பயிற்சி வகுத்தார். பிற்காலத்தில் அதைச் சுருக்கிச் சொல்லித்தரும் முறை எளியது: கை முஷ்டியைச் சில விநாடி இறுக்கி, சட்டென்று தளர்த்தி, வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அப்புறம் தோள், முகம், கால் என்று ஒவ்வொன்றாக. காசில்லாத அந்தப் பயிற்சியை ஒரு ஞாயிறு படங்களோடு வெளியிடுங்களேன்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்