9,000 குல்டன் எஸ்டிமேட்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. திருப்பணிக் கமிட்டிக் கூட்டத்தில் கணக்குக் கேட்டு நாற்காலியைத் தூக்கினார்கள் என்று எழுதியிருந்தாய். மருமகளிடம் படித்துக் காட்டிச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் துணையாக இந்த ஜெர்மனிப் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்திருக்கிறார். டிடாக்குஸ் ஸ்ட்ரோபெலே என்று பெயர். ஷுஸ்ஸென்ரீட் என்ற ஊரில் துறவியர் மடத்துக்குத் தலைவர். அந்த மடத்துக்குச் சொந்தமான ஸ்டைன்ஹௌசன் கிராமத்தில், வியாகுல மாதாவின் பழைய சொரூபத்தைக் கும்பிட வரும் கூட்டம் பெருகிவிட்டது. சின்னக் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று 1728இல் வேலையை ஆரம்பித்தார். எஸ்டிமேட் 9,000 குல்டன் (அந்தக் காலத்து நாணயம்). முடிகிறபோது 40,000ஐத் தாண்டிவிட்டது. 1733இல் தேவாலயத்துக்கு அபிஷேகம் ஆயிற்று, அதே வருஷம் மடாதிபதி பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. நம் பொதுப்பணித்துறையாக இருந்தால் ரிவைஸ்ட் எஸ்டிமேட் ஒன்று போட்டு மேலே அனுப்பியிருப்போம்.

ஊல்மிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஷுஸ்ஸென்ரீடில் இறங்கி அப்புறம் சில கிலோமீட்டர். போன ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் கூட்டிப்போனான். சுற்றிலும் வயல், கொஞ்சம் வீடு, நடுவே உயரமாக இந்தக் கட்டடம். 'உலகத்திலேயே அழகான கிராமத்துத் தேவாலயம்' என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். ஊர்ப்பெருமையில் பாதியைத் தள்ளுபடி செய்தே கேட்டுப் பழகியவன் நான். உள்ளே போனதும் தள்ளுபடியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கட்டியவர் டொமினிகுஸ் சிம்மர்மான். மேலே ஓவியம் தீட்டியவர் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட். பவேரியாவில் வெஸ்ஸோப்ருன் பக்கத்துக்காரர்கள். அங்கே வீட்டுக்கு வீடு சுதை வேலைக்காரர்கள். வசந்தத்தில் கரண்டியும் கையுமாகக் கிளம்பி, ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் திரும்புவார்களாம். டொமினிகுஸும் சுதைக்காரராகத் தொடங்கித்தான் கட்டடக் கலைஞர் ஆனார். அதனாலோ என்னவோ, இந்தக் கட்டடத்தில் தூண் எங்கே முடிகிறது, அலங்காரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீயும் கட்டடம் படித்தவன், அமைப்பைச் சொல்கிறேன். மண்டபம் நீள்வட்டம். வெளிச்சுவரிலிருந்து தள்ளி உள்ளே பத்துத் தூண்கள் தனியாக நிற்கின்றன. தூணுக்கும் சுவருக்கும் இடையே நம் பிரகாரம் மாதிரி சுற்றி வர வழி. யாத்திரை வருகிற கூட்டம் முட்டிக்கொள்ளாமல் நகரலாம். நடு விதானத்தின் பாரத்தைத் தூண்கள் ஏற்றுக்கொள்வதால் வெளிச்சுவரில் தாராளமாக ஜன்னல் திறந்திருக்கிறார். ஒரு ஜன்னல் கூட நேர்கோட்டில் முடியவில்லை, மேல்விளிம்பு எல்லாம் வளைந்து நெளிந்து போகிறது. வெளிச்சம் தூண்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. பீடம் இருக்கிற பகுதி இன்னொரு சின்ன நீள்வட்டம், அது குறுக்குவாட்டில்.

கீழே எல்லாம் வெள்ளை, நிறமெல்லாம் மேலே. பரோக் என்கிற அந்தக் காலத்துக் கட்டடப் பாணி என்றாலே தங்கத்தைக் கொட்டி மூச்சு முட்ட வைக்கும் சமாசாரம் என்று நினைத்திருந்தவனுக்கு இந்த அடக்கம் பிடித்துப்போயிற்று. விதானத்தில் மாதா விண்ணகத்தில் இருக்கிறாள். ஓரத்தில் பூமி: ஏதேன் தோட்டம் ஒரு பக்கம், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு கண்டத்து மக்கள். ஆஸ்திரேலியா இல்லை, இவர்கள் கணக்கில் அன்று உலகம் நான்கு கண்டம்தான். ஈரச் சுண்ணாம்பில் வரைகிற முறை இது. அன்றைக்கு வரைய முடிகிற அளவுக்கு மட்டுமே பூச வேண்டும், பூச்சு காய்வதற்குள் நிறம் ஏறிவிட வேண்டும். சாரத்தின் மேல் அண்ணாந்துகொண்டு அத்தனை பெரிய விதானத்தையும் இப்படித் துண்டு துண்டாகப் பூசி முடித்திருக்கிறார்கள். எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்று தேடித் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பேரனுக்கு ஓவியமெல்லாம் பொருட்டில்லை. சுதையில் அணில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதைத் தேடிக்கொண்டே இருந்தான். நிஜமாகவே இருக்கிறது. சிலந்தி, தேனீ, நம்மூர்த் தோப்பில் கொத்தித் திரியுமே கொண்டலாத்தி, எல்லாம் ஜன்னல் பக்கத்தில் ஒளிந்திருக்கின்றன. இதில் எதையும் மடாதிபதி ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டிருப்பாரா? சுதைக்காரன் கை சும்மா இருக்காது. நம் கோபுரத்தில் பொம்மைக்கு நடுவே குரங்கையும் கிளியையும் வைத்துவிட்டுப் போகிறவர்களும் இதே ஜாதிதான். உன் கமிட்டியில் 'தேவையில்லாத உருப்படி' என்று அடிக்கச் சொல்கிறவர்களுக்கு இந்த அணிலின் படத்தைக் காட்டு, மகனிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன்.

இதே டொமினிகுஸ் அறுபது வயதில் வீஸ் என்ற இடத்தில் இன்னொன்று கட்டினார், 1745இலிருந்து 1754 வரை. அதுதான் உலகப் பிரசித்தம், 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கசையடி பட்ட இயேசுவின் மரச் சொரூபம் ஒரு பண்ணை வீட்டில் 1738இல் கண்ணீர் விட்டதாகச் செய்தி பரவி ஜனம் குவிந்த இடம். அங்கே விதானம் கல்லோ செங்கல்லோ இல்லை. கூரை மரச்சட்டத்திலிருந்து தொங்கும் மரக்கூட்டின்மேல் சாந்து பூசியது. பாரம் குறைவு, அதனால் தூண்கள் மெலிந்தே இருக்கலாம். ஏமாற்று வேலை என்று சொல்லத் தோன்றும், எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. வீஸ் கோயிலைக் கட்டுவித்த மடமும் கடனில் மூழ்கியது. 1803இல் அரசாங்கம் மடங்களைக் கலைத்தபோது வீஸ் கோயிலை இடித்துவிடப் பார்த்தார்கள், சுற்றுவட்டார விவசாயிகள் மனுப் போட்டுத் தடுத்தார்கள். கிழவர் டொமினிகுஸ் கோயிலை ஒட்டி வீடு கட்டிக் குடியேறி அங்கேயே 1766இல் இறந்தார். தான் கட்டியதன் பக்கத்தில் குடியிருக்க நம் துறையில் எத்தனை பேர் துணிவார்கள்?

ஒரு விஷயம் விசாரித்து எழுது. இங்கே சுதை சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கப் பசைத் தண்ணீர் சேர்ப்பார்களாம். உங்கள் ஸ்தபதி கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விடுகிறாரா, இல்லை நேராக சிமெண்டுதானா? சிமெண்ட் என்றால் நீ கமிட்டியில் இருந்து என்ன பிரயோஜனம்? கமலாவுக்கு என் விசாரிப்பு. மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அன்புடன்,
நாகராஜன்