ஓடைத் தேரையும் உறைந்த விந்தணுவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை ஓய்ந்த ஓர் இரவில், பினாங்குத் தீவின் கொடிமலை ஓடையோரம், ஈரப் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடந்த சிறு தேரையொன்றைக் கைவிளக்கொளியில் கண்டேன். 1870-இல் அறிவியலுக்கு அறிமுகமான அந்தப் பினாங்கு ஓடைத் தேரைக்கு இத்தீவே தாயகம்.

ஓரிடத்தில் மட்டுமே வாழும் இத்தகைய உயிர்களைக் காக்க, அவற்றின் விந்தணுவைத் திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸில் உறைய வைத்துப் பின்னர் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் முறை, காப்பகத்தில் சில இணைகளே தமக்குள் கலந்து மரபணு வளம் குன்றுவதைக் குறைக்கும். 2019-இல் புவேர்ட்டோ ரிக்கோ கொண்டைத் தேரைக்கு இவ்வாறே வாரிசு பிறந்தது. ஆயினும், உறைந்து உருகும்போது விந்தணுவின் டிஎன்ஏ இழைகள் அறுபடக்கூடும் என்பதையும், உறைதலைத் தாங்கும் ஆற்றல் ஆணுக்கு ஆண் வேறுபடுவதால் நாம் அறியாமலே சில ஆண்களின் மரபை மட்டும் தேர்ந்தெடுத்துவிடக்கூடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். கருவுணவு மிகுந்த பெரிய முட்டைகளோ உறைநிலையைத் தாங்குவதில்லை. ஆகவே தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) மரபை விந்தணு வங்கி காப்பதில்லை (என் பெருங்கவலை இதுவே).

2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்ட கொடிமலையில் இத்தேரைகள் வாழும்போதே, பல ஆண்களிடமிருந்து விந்தணுவைச் சேகரிக்கவும், அதனால் பிறப்பவற்றை அடுத்த தலைமுறை வரை கண்காணிக்கவும் நம் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு