ஒன்பதாவது கேள்வியை யார் வாசித்தார்?

திருச்சி
ஐப்பசி, மழை நாள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, பிசியோதெரபிக்கு அழைத்துப்போய் வருவதிலேயே சாயங்காலங்கள் கழிந்துவிட்டன. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார். நீ அனுப்பிய சால்வையைப் போர்த்திக்கொண்டு மழையைப் பார்த்தபடி, "அந்தப் பொண்ணு எப்ப வருது?" என்று நேற்றும் கேட்டார். தை பிறந்ததும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏமாற்றிவிடாதே.

"கவுன்சலிங்குக்கு வருகிறவர்கள் நிரப்பும் அந்தக் கேள்வித்தாள்களுக்கு நீ இன்னும் விரோதிதானா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. இரண்டு வருஷமாகவே இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) வகுப்பில் "மனுஷ துக்கத்துக்கு மார்க் போடுவதா?" என்று எழுந்து நின்று சண்டை போட்டவள்தான் நான். என்னை மாற்றியது நீ அனுப்பிய அந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு. யூட்டாவில் மைக்கேல் லாம்பர்ட்டின் குழுவினர் செய்தது. 550 பேருக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்தவர்களிடம், இவர்களில் யார் யார் மோசமாகப் போகிறார்கள் என்று கேட்டார்கள். மூன்று பேரைத்தான் காட்டினார்கள். கடைசியில் மோசமானவர்கள் 40 பேர். காட்டிய மூவரில் ஒருவர் மட்டுமே அந்த 40 பேரில் இருந்தார். படித்த இரவு தூக்கம் வரவில்லை, செல்வி. பாதியில் வராமல் நின்றுபோனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குணமாகியிருப்பார், அதனால்தான் வரவில்லை என்று எத்தனை பேரைப் பற்றி நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன்!

அதற்குப் பிறகுதான் நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு மென்பொருள் வாங்கினார்கள். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 கேள்வித்தாள் தமிழில் அதில் இருந்தது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27; எண் கூடக்கூடச் சோர்வும் கூடுதல். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் தானாகப் போய்விடும். திங்கள் காலை நான் திறந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன்.

இப்போது சொல்லப்போகும் பெண்மணியை யாரென்று தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியவர், திருச்சிக்கு வெளியே ஒரு கிராமம். முதல் நாள் 16. ஐந்து வாரத்தில் 13, 11, 9, 8, 6 என்று படிப்படியாக இறங்கியது. இத்தனை அழகாக இறங்கிய கோட்டை நான் பார்த்ததே இல்லை. நேரில் கேட்டாலும் "பரவாயில்லை மேடம்" என்பார். இன்னும் இரண்டு முறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

ஆறாவது வாரம் அவர் படிவத்தை நிரப்பவில்லை. வீட்டில் ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. அதனால் ரிசப்ஷனுக்குப் பக்கத்து அறையில் டேப்லெட்டைக் கொடுத்து உட்காரவைத்தேன். பத்து நிமிஷம் கழித்து வாங்கிப் பார்த்தால் 17.

தப்பாக அமுக்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் திரும்பக் கேட்டேன். எதுவும் தப்பில்லை. "அப்ப வீட்டுல எப்படி 6 வந்துச்சும்மா?" என்றேன். "போன் அவருகிட்டதான் இருக்கும் மேடம். அவரு வாசிச்சுக் காட்டுவாரு. நான் சொல்லச் சொல்ல அவரே அமுக்குவாரு" என்றார்.

ஒன்பதாவது கேள்வி என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ நினைத்தீர்களா? அதைப் புருஷன் வாசிக்க, பக்கத்தில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுத, சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே இந்தம்மா பதில் சொல்லியிருக்கிறார். என்ன சொல்லியிருக்க முடியும்? "அப்படியெல்லாம் இல்லை, அடுத்தது கேளுங்க." கணவர் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் பஸ்ஸில் கூட்டிவந்து வெளியே காத்திருந்தவர். மனைவிக்குச் சரியாகிவருகிறது என்று என்னைப்போலவே நம்பி நிம்மதியாக இருந்தவர். நாங்கள் இருவரும் ஒரே கோட்டைப் பார்த்து ஏமாந்திருக்கிறோம். அந்தக் கோட்டுக்கு அடியில் அந்தம்மா தனியாகக் கிடந்திருக்கிறார்.

அன்றிலிருந்து நான் லிங்க் அனுப்புவதில்லை. யாராக இருந்தாலும் வந்து, தனியாக, எங்கள் டேப்லெட்டில்தான். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் நானே வாசித்துக் காட்டுகிறேன், கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு. இன்னொரு பயமும் இதோடு நீங்கியது. லிங்க் போகும் ஞாயிறு ராத்திரி ஒருவர் வீட்டிலிருந்து ஒன்பதாவது கேள்விக்கு "ஏறக்குறைய தினமும்" என்று அமுக்கினால், திங்கள் காலைவரை அதை யாரும் பார்க்க மாட்டார்கள். அமுக்கியவரோ யாரிடமோ சொல்லிவிட்டதாக நினைத்துக் காத்திருப்பார். கேட்டால் கேட்ட நிமிஷமே பதில் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். டேப்லெட்டின் கடைசித் திரையிலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அட்டையிலும் அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமனஸ் எண் 14416 போட்டிருக்கிறோம். 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அங்கே இங்கிலாந்தில் ஆன்லைனிலேயே நிரப்பித் தருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு அறை உள்ள வீடுகளில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் நம் ஊர்க்காரர்கள், கூட்டுக்குடும்பமாக இருப்பவர்கள் வருகிறார்களே, ஒருமுறை கேட்டுப் பார், யார் கையில் போன் இருந்தது என்று.

கேள்விகளைத் தமிழில் போட்டுவிட்டதாலேயே எல்லாம் புரிந்துவிடுவதில்லை. "கடந்த இரண்டு வாரங்களில்" என்றால் பலருக்கு நாள் பிடிபடவில்லை. பௌர்ணமியை ஒட்டி வருகிறவர்களிடம் "போன அமாவாசையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும்" என்றால் கையில் எண்ணிச் சொல்கிறார்கள். போன வருஷம் இதே ஐப்பசியில் ஒரு சின்னப் பெண், பசியில்லை என்ற கேள்விக்கு "பல நாட்கள்" என்று அமுக்கியிருந்தாள். ஏன்மா என்றேன். "சஷ்டி விரதம் மேடம், ஆறு நாள்." ஒரு புள்ளியைக் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். ஆனால் சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும், அதாவது விரதமிருந்தால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது மனதில் தட்டியது. "யாருக்காக விரதம்?" என்று கேட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தையில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதுவரை தூக்கம் வரவில்லை, தலைவலி என்பதைத் தவிர அவள் எதுவும் சொன்னதில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்காட் மில்லரும் பாரி டங்கனும் செய்த அந்த நாலுகோட்டு அளவையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்ததும் ஒரு முறை: நான் எப்படி, வீட்டாரோடு எப்படி, வெளியே எப்படி, மொத்தத்தில் எப்படி. விரலால் கோட்டில் தொட்டால் போதும், படிப்பறிவு குறைந்தவர்களுக்கும் பிடித்திருக்கிறது. முடியும்போது, இன்றைய பேச்சு எப்படி இருந்தது என்று இன்னொரு நாலு கோடு. இதில்தான் திணறுகிறேன். கோட்டுக்குப் பத்தாக எல்லாரும் 40-க்கு 40. விருந்துக்குப் போன வீட்டில் உப்பு கம்மி என்று யார் சொல்வார்கள்? நான் எவ்வளவு கெஞ்சினாலும் "உங்களை எப்படி மேடம் குறைச்சுப் போடறது" என்கிறார்கள். இப்போது மதிப்பெண்ணை விட்டுவிட்டு, "அடுத்த வாரம் நான் ஒண்ணை மாத்திக்கணும்னா எதை?" என்று கேட்கிறேன். ஒருவர் ரொம்ப நேரம் யோசித்து, "நான் அழும்போது உடனே டிஷ்யூ நீட்டாதீங்க, நிறுத்தச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார். பதினெட்டு வருஷமாக நீட்டிக்கொண்டிருந்தேன், செல்வி.

இலக்கைப் பற்றி நீ எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. உங்கள் அரசுப் பேச்சுச் சிகிச்சைத் திட்டமான என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸில் பாதிப் பேராவது தேற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தேறுவது என்பதை எண்ணும் விதம்தான் உறுத்துகிறது. பிஹெச்க்யூ-9-ஐ மட்டும் எடுத்துக்கொள். எல்லைக்கோடு 10-இல் இருக்கிறது, அதற்குக் கீழே வந்தால் தேறியவர். 10-லிருந்து 9-க்கு வந்தவர் கோட்டைத் தாண்டிவிட்டார். 26-லிருந்து 13-க்கு வந்தவர், பாதிப் பாரத்தை இறக்கிவைத்தவர், தாண்டவில்லை. நிச்சயமான முன்னேற்றத்துக்கு 6 புள்ளியாவது குறைய வேண்டும் என்று அவர்களே தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பது ஆறுதல். உன் மேலதிகாரியிடம் அந்தக் கணக்கைத்தான் முன்னால் வைக்கச் சொல்.

இங்கேயும் அந்த நோய் எட்டிப் பார்த்தது. மாதக் கடைசியில் எந்தக் கவுன்சலருக்கு எத்தனை புள்ளி இறங்கியது என்று வரிசைப்படுத்தி ஒட்டலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு வந்தது. ஒட்டுவதற்கு முன்பே, பேச்சு காதில் விழுந்த வாரத்திலேயே, எங்கள் இளம் கவுன்சலர் ஒருவன் குடிநோயாளி ஒருவரை என்னிடம் தள்ளிவிடப் பார்த்தான். அவன்மேல் கோபமில்லை, பயம்தான் காரணம். பாரமான ஆட்களை யார் எடுப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். அத்தோடு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் ரகசியக் காப்பு உரிமையையும் எடுத்துச் சொன்னேன். இப்போதைக்குக் கைவிட்டிருக்கிறார்கள். திரும்ப வந்தால் திரும்பச் சண்டை போடுவேன்.

அந்த அம்மாவின் கதையை முடிக்கவில்லையே. முதல் கோட்டை அழித்துவிட்டு 17-லிருந்து புதிதாக ஆரம்பித்தோம். அவர் அனுமதியோடு கணவரையும் இரண்டு முறை உள்ளே அழைத்தேன். மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை 12. ஒன்பதாவதில் 2 இருந்தது 1-ஆகியிருக்கிறது. கோட்டைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது ரொம்பக் குறைஞ்சா இங்க வர வேணாம்னு சொல்லிடுவீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன், எனக்கே திருப்தியில்லை. உன்னிடம் நிச்சயம் நிறையப் பேர் இதைக் கேட்டிருப்பார்கள். நீ என்ன சொல்வாய்? அடுத்த செவ்வாய்க்குள் பதில் போடு.

உன்
மங்கை