டூல்செயின் புதுப்பித்த பின் கருவிகள் செயலிழந்து விழுவது பற்றிய புகார்

கல்லடி,
மட்டக்களப்பு.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளருக்கு,

ஐயா / அம்மணி,

வாவிக்கரை இறால் குளங்களில் ஒட்சிசன் குறைந்தால் காற்றூட்டியைத் தானாகப் போடும் கருவிகளைச் செய்து கொடுக்கிறேன். உங்கள் கோர்டெக்ஸ் எம்4 ப்ராசசர் போர்டையும் அதோடு வரும் டூல்செயினையும் (கோடை இயந்திரக் கட்டளையாக்கும் கம்பைலரும் துணைக் கருவிகளும்) நீங்கள் எழுதித் தரும் லைப்ரரியையும் மூன்று வருடமாகப் பாவிக்கிறேன். ஒரு நாளும் நின்றதில்லை. போன மாதம் உங்கள் புதிய பதிப்பைப் போட்டு, என் கோடில் ஒரு வரியும் மாற்றாமல் கம்பைல் செய்து இரண்டு பண்ணைகளில் ஏற்றினேன். அன்றிரவே இரண்டும் விழுந்தன.

குளத்தில் ஒட்சிசன் மிகவும் குறைவது விடியப்புறத்தில்தான். இரவு முழுக்க இறாலோடு பாசியும் சேர்ந்து அதை எடுத்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கருவி விழ, வாட்ச்டாக் (தொங்கினால் தானாகத் திரும்பத் தொடக்கும் டைமர்) ரீசெட் செய்ய, சென்சாரின் முதல் டேட்டா பாக்கெட் வந்ததும் திரும்ப விழ, இதே கதையாக இருந்தது. ஒரு பண்ணைக்காரர் நித்திரை முழித்து டோர்ச்சோடு ஓடிப்போய்க் கையால் மோட்டரைப் போட்டதால்தான் இறால் தப்பியது. மற்றவரும் அப்படித்தான். அவர்கள் என்னை நம்பி வாங்கியவர்கள்.

உங்கள் உதவிப் பிரிவு முதலில் திரும்ப நிறுவச் சொன்னது. நிறுவினேன். ஸ்டாக்கை, அதாவது ஃபங்ஷன்கள் பாவிக்கும் தற்காலிக நினைவகத்தை, கூட்டச் சொன்னது. இரண்டு மடங்காக்கினேன், அதே இடத்தில் விழுந்தது. கடைசியில் “உங்கள் கோடில் பிழை” என்று எழுதி முறைப்பாட்டை மூடிவிட்டார்கள்.

சரி, நானே தேடினேன். ஹார்ட் ஃபால்ட் (ப்ராசசர் தொடர முடியாமல் நிற்கும் பிழை) வந்ததும், காரணத்தைக் காட்டும் ஃபால்ட் ரெஜிஸ்டரைப் படித்தேன். 24ஆம் பிட் 1 ஆகியிருந்தது, அதாவது அலைன் ஆகாத (4ஆல் வகுபடாத) நினைவக முகவரி. ஸ்டாக்கில் இருந்த பிசி மதிப்பு (எந்தக் கட்டளையில் விழுந்தது என்பது) உங்கள் லைப்ரரியின் பாக்கெட் படிக்கும் ஃபங்ஷனுக்குள் காட்டியது. பாக்கெட்டில் தலைப்பு ஒரு பைட், அதன் பின்னால் 32 பிட் எண்கள் இரண்டு. அதனால் எண்கள் ஒற்றைப்படை முகவரியில் தொடங்குகின்றன; அந்த முகவரியை நீங்கள் நேரடியாக 32 பிட் பாயின்டராக (32 பிட் எண்ணின் முகவரியாக) மாற்றிப் படிக்கிறீர்கள். பழைய கம்பைலர் அதைத் தனித்தனி எல்டிஆர் (ஓர் எண்ணைப் படிக்கும் கட்டளை) இரண்டாக எழுதியது; எம்4 அதைப் பொறுத்துக்கொள்ளும். புதிய கம்பைலர் இரண்டையும் சேர்த்து ஒரே எல்டிஆர்டி (இரண்டு எண்களை ஒன்றாகப் படிக்கும் கட்டளை) ஆக்குகிறது. அதை எம்4 பொறுக்காது. கம்பைலரின் ஆப்டிமைசேஷனை (கோடை வேகமாக்கச் செய்யும் மாற்றங்களை) நிறுத்தினால் விழாமல் ஓடுவதும் இதனால்தான். கம்பைலரில் குற்றமில்லை, சி மொழி அந்தப் பாயின்டர் மாற்றத்துக்கு ஒரு நாளும் உத்தரவாதம் தந்ததில்லை. பிழை உங்கள் லைப்ரரியில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

அந்த இடத்தில் மெம்காப்பி (எந்த முகவரியிலிருந்தும் பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்) போட்டேன். இரண்டு கிழமையாக இரு கருவிகளும் நிற்கவில்லை. ஆனால் உங்கள் அடுத்த பதிப்பு என் திருத்தத்தை அழித்துவிடும். திரும்பிப் போகலாமென்றால் பழைய டூல்செயினையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு மிகவும் கோபம். வயலிலும் குளத்திலும் கிடக்கும் கருவிக்கு எந்தக் கம்பைலரில் கட்டினோமோ அதுவே வருடக்கணக்கில் வேண்டும்.

லைப்ரரியைத் திருத்தி வெளியிடுங்கள். கம்பைலர் மாறியதையும் இந்தப் பிழையையும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள். பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றுங்கள். மூடிய முறைப்பாட்டைத் திறந்து, பிழை யாருடையது என்பதை எழுத்தில் தாருங்கள். அதை நான் இரண்டு பண்ணைக்காரருக்கும் காட்ட வேண்டும். ரெஜிஸ்டர் பதிவுகளும், இரண்டு கம்பைலரும் எழுதிய கட்டளைகளின் அசெம்பிளிப் பட்டியலும் இத்துடன் இருக்கின்றன. 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கல்லடி வாடிக்கையாளர்